துள்ளிசையும் நாமும்: ஏ. ஈ. மனோகரனை முன்வைத்து ஒரு மதிப்பீடு

2018 ஆம் ஆண்டு ஜனவரி 22 ஆம் திகதி ஏ. ஈ. மனோகரன் தமது 73 ஆவது வயதிற் சென்னையிற் காலமானார். ஈழத்தில் 'பொப் இசைச் சக்கரவர்த்தி' என்றும், தமிழகத்தில் 'சிலோன் மனோகர்' என்றும் அழைக்கப்பட்டவர் அவர். அவரது 'சுராங்கனி'யை அறியாத வீடு யாழ்ப்பாணத்தில் இல்லை எனலாம். திருமண வீட்டிலே, சுற்றுலாப் பேருந்திலே, பாடசாலைப் பிரியாவிடையிலே, எங்கே நாலு இளைஞர் கூடினும் அங்கே அப்பாட்டு எழுகின்றது. மக்கள் கலை, மக்கள் இலக்கியம் என்று ஓயாது பேசும் நாம், மக்கள் வாயில் இத்தனை காலமாக வாழும் இப்பாட்டையும் அதனைப் பாடியவரையும் பற்றி எத்தனை பக்கம் எழுதினோம்? இக்கேள்வியை முதலில் எம்மை நோக்கியே கேட்கவேண்டும்.

சென்ற ஆண்டு எமது வகுப்பொன்றில், பாடவேளை முடிவதற்கு முன்னரே மாணவர் மேசையில் தாளமிட்டு இப்பாட்டைத் தொடங்கினர். "இது வகுப்பறை, மலினமான கூத்துக்கு இடமில்லை" என்று நாம் அதட்டினோம். பாட்டு நின்றது. அன்று மாலை வீடு திரும்பும் வழியில் சைக்கிள் மிதித்தபடி நாமே அதனை முணுமுணுத்துச் செல்வதை உணர்ந்து வெட்கினோம். மலினம் என்ற அச்சொல் எங்கிருந்து எமது வாயில் வந்தது?

வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். 1960களின் முற்பகுதியில், உழைப்பாளர் பேச்சுமொழியைக் கதைகளில் எழுதிய முற்போக்கு எழுத்தாளரை நோக்கி, மரபு காக்கப் புறப்பட்ட பண்டிதர் சிலர் 'இழிசனர் இலக்கியம்' என்று பழித்தனர். அப்பழிப்பை எதிர்த்து நின்ற மரபினரே நாம். மக்கள் பேசும் மொழி இழிந்ததன்று. அதனை இழிந்ததென்பவனின் சமூகப் பார்வையே இழிந்தது என்று அன்று வாதித்தோம். அதே தசாப்தம் முடியுமுன்னர், உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் கிற்றாருடன் 'சின்ன மாமியே' பாடினார். மாமியும் மருமகனும் யாழ்ப்பாணத்து முற்றத்தில் நின்று பேசும் பேச்சு, அதன் குழைவோடும் குத்தலோடும் இசையேறியது. சிறுகதையில் நாம் நிலைநாட்டிய உரிமை, பாட்டில் வந்தபோது எமக்கு மலினமாகத் தோன்றியது! பண்டிதரின் நாக்கு எம்மையறியாமலே எம் வாயிற் குடிபுகுந்து விட்டது.

இத்துள்ளிசை மேனாட்டிலிருந்து இறக்குமதியான பண்டம் என்பாரும் உளர். இது முழு உண்மையன்று. போர்த்துக்கேயர் வழிவந்தோரும் ஆபிரிக்க வழிவந்தோரும் இத்தீவில் ஆடிப்பாடிய இசையே பைலாவின் வேர். வாலி பஸ்தியன்ஸ் என்ற பொலிஸ் உத்தியோகத்தர் அதனைச் சிங்களத்தில் மக்கள்மயப்படுத்தினார். 1960களின் நடுப்பகுதியில் கிளாரன்ஸ் விஜேவர்த்தனவும் அனஸ்லி மாலேவனவும் 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவாக எழுந்தனர். தமிழிலே திருகோணமலையின் பரமேஷ் சகோதரரும், உரும்பிராயின் நித்தியும், பின்னர் பலரும் இவ்வழியில் வந்தனர். கிற்றார் அந்நியக் கருவி எனின், ஹார்மோனியம் எந்த ஊர்க் கருவி? நாடகமேடையில் அதனை ஏற்ற நாம் இதனை மட்டும் ஒதுக்குவது நியாயமாகாது.

1970 இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசு அந்நியச் செலாவணியை இறுக்கிப் பிடித்தது. தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் வரவு கட்டுப்படுத்தப்பட்டது. ஈழத்து எழுத்துக்கும் கலைக்கும் ஒரு சிறு மூச்சுவெளி கிடைத்தது. அந்த வெளியில் இலங்கை வானொலியின் துணையோடு ஓங்கி ஒலித்த குரல் மனோகரனுடையது. அவரிடம் சங்கீத வித்துவான்களின் நுட்பத்தைத் தேடுவது வீண். கேட்போனை எழுந்து நிற்கச் செய்து, கூடப் பாடவும் வைக்கும் ஆற்றலே அவரது கலை. பாடுவோன் மேலே, கேட்போன் கீழே என்ற சபா மரபு அங்கே உடைந்தது. எமது கிராமத்துக் கூத்துக்களரி அறிந்த உறவுதான் இது.

'சுராங்கனி'யை எடுத்துக்கொள்வோம். மீன் கொண்டு வந்த கதையைச் சொல்லும் எளிய பாட்டு. சிங்களமும் தமிழும் அதில் அருகருகே நிற்கின்றன. 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1958 இல் குருதி சிந்தப்பட்டது. 1970களில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. அரசு இரு மொழிகளையும் பிரித்துவைத்த நாட்டில், மக்கள் வாய் அவற்றை ஒரே மெட்டில் சேர்த்துப் பாடிற்று. எனினும் இதனை இன ஐக்கியத்தின் கீதமென்று போற்றவும் நாம் ஆயத்தமில்லை. கூடிச் சிரிப்பது வேறு, சம உரிமையோடு வாழ்வது வேறு. 1983 ஜூலையில் இப்பாட்டு எந்தக் கதவையும் காத்து நிற்கவில்லை. பாட்டாற் செய்ய முடிந்ததையும் முடியாததையும் பகுத்தறிவதே விமர்சனத்தின் கடமை.

இனி, மனோகரனின் பிற்காலம். செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி 1978 இல் வெளிவந்த 'வாடைக்காற்று' திரைப்படத்தில் அவர் நடித்தார். 1970களின் இறுதியிலிருந்து தமிழகத் திரையுலகம் அவரை ஈர்த்தது. அங்கே அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் வில்லன் வேடங்களும் அடியாள் வேடங்களுமே. 1977 இல் வந்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில், இளையராஜா இசையில், 'சுராங்கனி'யைப் பாடியவர்கள் மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும். பாட்டு கடலைக் கடந்து பெருவாழ்வு பெற்றது. ஈழத்தில் அதனைத் தன் குரலால் நாடறியச் செய்தவருக்குச் சந்தை 'சிலோன்' என்ற அடைமொழியைத் தந்து அடியாளாக நிறுத்தியது. கலைஞன் தடம்மாறினான் என்று பழிப்பது எளிது. ஆயின் 1977 இற்குப் பின் திறந்த பொருளாதாரத்தின் வெள்ளம் பாய்ந்தது. சிறிய சந்தையை நம்பிய ஈழத்துப் பாடகன் எதனைப் பற்றி நிற்பான்? நித்தியும் பின்னர் அவுஸ்திரேலியாவிற் குடியேறினார். கலைஞனைத் தாங்கும் அமைப்பொன்றை நாம் கட்டவில்லை என்பதே உண்மை.

இப்பாடல்களின் குறைகளையும் மறைத்தல் தகாது. 'சின்ன மாமியே'யில் மாமி பேசுகிறாள், மருமகன் பேசுகிறான். யாரைப் பற்றிப் பேச்சு நடக்கிறதோ அந்தப் பெண் பேசவில்லை. 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' குடிப்பவனுக்குப் புத்தி சொல்கிறது. விடியலிற் பனையேறி, விழுந்தால் முதுகு முறியும் சீவற்றொழிலாளி அதன் பார்வையில் இல்லை. 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்தை நோக்கித் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் புறப்பட்டது. 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயக் கதவு தட்டப்பட்டது. உரும்பிராய்க்குச் சில மைல் தொலைவில் நிகழ்ந்தவை இவை. துள்ளிசையில் இவற்றின் எதிரொலியை நாம் கேட்கவில்லை.

ஆனால் இக்குறை பாடகர்களுடையது மட்டுந்தானா? அப்போராட்டத்தையொட்டிக் கூத்து வடிவை எடுத்து 'கந்தன் கருணை'யை மேடையேற்றினர் முற்போக்காளர். பழைய வடிவத்திற் புதிய பொருளை வைக்கலாம் என்பதற்கு அது சான்று. அதே துணிவோடு கிற்றாரை ஏன் எவரும் கையிலெடுக்கவில்லை? ஆயிரக்கணக்கான இளைஞர் தாமாகவே தேர்ந்த வடிவம் எதிரே கிடந்தது. நாமோ அதனைத் தொட்டாற் தீட்டென்று விலகி நின்றோம். தீட்டை எதிர்த்துப் போராடிய இயக்கத்தின் வழிவந்தோர், கலையில் ஒரு தீட்டை வளர்த்தோம்.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! மனோகரனுக்குச் சிலை வேண்டாம், பட்டங்களும் வேண்டாம். அவர் பாடிய பாட்டை ஒரு பனுவலாக எடுத்து, யார் பேசுகிறார், யார் பேசவில்லை, எம்மொழி எங்கே வருகின்றது, ஏன் சிரிக்கிறோம் என்று கேட்போம். நாம் அதட்டி நிறுத்திய அவ்வகுப்பில் அடுத்த தவணை இதனையே செய்ய எண்ணியுள்ளோம். மேசைத் தாளம் முதலில் ஒலிக்கட்டும். கேள்விகள் அதன் பின் வரட்டும். சீவற்றொழிலாளியின் பக்கம் நின்று, பெண்ணுக்கும் வாய் தந்து, அவர்களுள் ஒருவன் புதிதாக ஓரடி கட்டிவிட்டால், அன்று துள்ளிசை தன் அடுத்த படியில் ஏறியதென்று கொள்வோம்.