மூன்றாவது செக்

2025 ஏப்ரல், மே. 46 நாள். ஒரு பக்கம் மாக்னஸ் கார்ல்சன், எதிர்ப்பக்கம் 1,43,000 பேர். செஸ்.காம் தளத்தில் நடந்த ஆட்டம். ஒரு நகர்த்தலுக்கு 24 மணி நேரம். கறுப்புக் காய் எங்கே போகவேண்டும் என்பதை ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். தபால் அட்டையில் ஆடிய கரஸ்பாண்டன்ஸ் செஸ்ஸின் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். 32ஆவது நகர்த்தலில் கார்ல்சனின் ராஜாவுக்கு மூன்றாவது தடவையாக செக். டிரா. கார்ல்சன் பெரிய வித்தியாசத்தில் ஜெயிப்பார் என்றுதான் செஸ்.காம் கணித்திருந்தது.

சாதனைதான். முந்தைய வருஷம் இதேபோல ஆனந்தோடு ஆடிய கிட்டத்தட்ட 70,000 பேர் தோற்றுப்போனார்கள். ஆனாலும் எனக்கு இந்த ஆட்டத்தின் தொடக்கத்தோடு ஒரு மனத்தாங்கல் உண்டு.

ஆடியது ஃப்ரீஸ்டைல். சிப்பாய்களுக்குப் பின்னால் நிற்கும் காய்களைக் கலைத்து அடுக்குவார்கள், மொத்தம் 960 விதமாக. மனப்பாட ஓப்பனிங் எதுவும் செல்லாது. முதல் நகர்த்தலிலேயே யோசித்தாக வேண்டும். அப்படியொரு வெற்றுத்தாள் கிடைத்தும் உலகம் என்ன எழுதியது? பழகிய செஸ். கார்ல்சனே பின்னர், துணிச்சலான வழிகளை விட்டுவிட்டு வழக்கமான செஸ் பாணியில் கச்சிதமாக ஆடினார்கள் என்கிற மாதிரிதான் பாராட்டினார். பத்து பேர் உட்காரும் கோட் ரிவ்யூவில் எது பாஸ் ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. யாருக்கும் உறுத்தாததுதான் பாஸ் ஆகும்.

ஓட்டெடுப்பு என்றாலே இப்படித்தான் ஆகும் என்று சொல்லிவிடவும் முடியாது. 1999இல் காஸ்பரோவுக்கு எதிராக உலகம் ஆடியது சிசிலியன் டிஃபென்ஸ், எல்லாருக்கும் தெரிந்த பாதை. அதில் 10ஆவது நகர்த்தலில், ஆலோசகர்களில் ஒருவரான 15 வயது இரினா க்ரஷ், ராணியை புத்தகத்தில் இல்லாத ஒரு கட்டத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். யானையைக் கொடுத்துவிட்டு ஒரு குதிரையையும் இரண்டு சிப்பாய்களையும் வாங்குகிற பேரம் அது. ஜனங்கள் அதற்கு ஓட்டுப் போட்டார்கள்! ஆட்டம் 62 நகர்த்தல் போனது. உலகம் தோற்றது. அதை இன்றைக்கும் எடுத்துவைத்துப் பார்க்கிறோம்.

கார்ல்சன் ஆட்டத்தின் கடைசி நாட்களில் சாட்டில் இரண்டு கட்சி. டிராவை வாங்கிக்கொண்டு பெயரைத் தட்டிச் செல்வோம் என்றது ஒன்று. தோற்றாலும் பரவாயில்லை, கார்ல்சனோடு இன்னும் நாலு நாள் ஆடலாமே என்றது இன்னொன்று. எனக்கு இரண்டாவது கட்சிதான். அவர்களும் அதை முதல் வாரத்திலேயே கேட்டிருக்கலாம்.