வள்ளியும் வல்லியும்: ஒரு பெண்பெயரின் சொல்வழி

முன்னுரை

தமிழ்ப் பெண்பெயர்களுள் தொன்மையும் எளிமையும் ஒருங்கே வாய்ந்தது வள்ளி. இப்பெயருக்குக் ‘கொடி’ என்று மட்டும் பொருள் கூறி அமைவதும், ‘வல்லி’ என்னும் வடசொல்லின் திரிபே இது எனக் கொள்வதும் பரவலாகக் காணப்படுகின்றன. இவற்றுள் முன்னது முழுமையற்றது, பின்னது மறுஆய்வுக்குரியது. இவ்விரண்டனையும் ஒலி, பொருள், வழக்கு என்னும் மூவகையால் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒலி

வள்ளியை வல்லியின் திரிபு என்போர், வடமொழி லகரம் தமிழில் ளகரமாதலைச் சான்று காட்டுவர். ‘நல’ என்பது நளன் எனவும், ‘காலீ’ என்பது காளி எனவும் வழங்குதலால் இக்கருத்து எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. எனினும், அவ்விடங்களில் நிற்பது தனி லகரம். இரட்டித்த லகரம் உடைய வல்லபன், உல்லாசம், கல்லோலம் முதலியன தமிழில் அவ்வொலி மாறாமலேயே வழங்குகின்றன. மறுதலையாக, சிற்றூரைக் குறிக்கும் பள்ளி என்னும் திராவிடச் சொல் வடமொழியில் ‘பல்லி’ என வழங்குவதாக மொழியியலார் கூறுவர். செவ்வியல் வடமொழியில் ளகரம் தனி ஒலியாக வழங்காமையே இதற்குக் காரணம்.

மலையாளத்திலும் கொடி வள்ளியே. கன்னடத்தில் சொன்முதல் வகரம் ஒலிப்புடைப் பகரமாதல் இயல்பு. வேர் ‘பேரு’ எனவும், வில் ‘பில்லு’ எனவும் வருதல் போலவே, வள்ளியும் அங்கே பகர முதலுடையதாய், ளகரம் சிதையாமல் நிற்கிறது. தைத்திரீய உபநிடதத்தின் பகுதிகள் வல்லி எனப் பெயர் பெற்றிருத்தலைக் காட்டி அச்சொல்லின் பழைமையை நிறுவலாம். ஆயின், பழைமை ஒன்றே பிறப்பைத் தீர்மானித்துவிடாது. வள்ளியே வடமொழி சென்று வல்லியாயிற்று எனக் கொள்ளுதல் பொருந்தும்.

பொருள்

கபிலர் பாரியின் பறம்புமலையைப் பாடும் புறநானூற்று 109ஆம் பாடலில், உழவர் உழாமலே விளையும் பொருள்கள் நான்கு சொல்லப்படுகின்றன. அவை மூங்கில்நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என்பன. மூவேந்தர் முற்றுகையிட்டும் பறம்பு பசியால் பணியாது என்பதற்குக் காட்டப்படும் சான்றுகளுள் வள்ளியும் ஒன்று. எனவே, வள்ளி கண்ணுக்கு இனிய கொடி மட்டுமன்று. மண்ணுக்குள் உணவை வைத்துக் காக்கும் கொடி. நற்றிணை 82ஆம் பாடல் முருகனோடு இணைத்து வள்ளியைச் சுட்டுகிறது. கந்தபுராணமோ, வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கண்டெடுக்கப்பட்டமையால் அம்மகவு அப்பெயர் பெற்றதாகக் கூறுகிறது. கமில் சுவலபில் தம் 1977ஆம் ஆண்டுக் கட்டுரையில் வள்ளி–முருகன் கதையைத் திராவிடத் தொன்மம் என்றே குறித்தமை இங்கு நினைக்கத்தக்கது.

வழக்கு

வடமொழி வழியே மீண்டும் தமிழுக்கு வந்த வல்லி, பெரும்பாலும் தொகைப்பெயர்களின் இறுதியில் நிற்கும். குடந்தை சார்ங்கபாணி கோயிலின் கோமளவல்லி, திருவள்ளூரின் கனகவல்லி ஆகிய தாயார் பெயர்கள் இதற்குச் சான்று. இங்கே கொடி என்பது மென்மைக்கும் பொன்னிறத்துக்கும் உவமை. வள்ளியோ தனித்தும், வள்ளியம்மை, வள்ளிநாயகி எனச் சொன்முதலிலும் நிற்கும். கந்தபுராண மரபு இவ்விரு சொற்களையும் ஒரே கதையில் இணைத்துள்ளது. விண்ணில் திருமாலின் மகளாகிய சுந்தரவல்லியே மண்ணில் வேடர்குல வள்ளியாகப் பிறக்கிறாள். ஓர் எழுத்து வேறுபாட்டில் விண்ணும் தினைப்புனமும் நிற்கின்றன.

முடிவுரை

இந்தி எழுத்துமுறையில் ளகரம் வழங்குவதில்லை. ரோமன் எழுத்தில் எழுதினும் இரண்டும் ஒன்றாகிவிடும். எனவே, தமிழ்நாட்டுக்கு வெளியே பள்ளிப் பதிவேட்டில் ஏறும் வள்ளி, படிப்போர் கண்ணுக்கு வல்லியாகிறாள். நாளடைவில் அவளே தன் பெயரைத் திரிசொல் என எண்ணவும் கூடும். எழுத்து மாறினும் பொருள் மாறாதிருக்க வேண்டுமெனின், பெயரின் வரலாறு பெயரோடு சேர்த்தே கற்பிக்கப்படுதல் வேண்டும். வள்ளி என்பது பிழைபட்ட வல்லி அன்று. குறிஞ்சி நிலம் தன் உணவின் பெயரைத் தன் மகளுக்கு இட்ட வழக்கு அது.