டயல் டோனுக்கு யார் பொறுப்பு?

வீட்டில் கரண்ட் போனாலும் பழைய லேண்ட்லைன் பேசும். தொலைபேசி நிலையத்தின் பேட்டரிகள் 48 வோல்ட் மின்சாரத்தைச் செம்புக் கம்பி வழியாகவே கருவிக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. மாத வாடகையில் அந்த மின்சாரமும் அடக்கம் என்பதைச் சந்தாதாரர்களில் பலர் நினைத்துப் பார்த்ததே இல்லை. ஃபைபர் வழி இணையத் தொலைபேசிக்கு மாறும்போது பல இடங்களில் பழைய எண்ணே தொடர்கிறது. பழைய கருவியையே செருகிக்கொள்ளவும் முடிகிறது. ஆனால் கண்ணாடி இழையில் ஒளிதான் போகும், மின்சாரம் போகாது. அதைக் கொடுக்கும் பொறுப்பு நிறுவனத்திடமிருந்து வீட்டுக்காரர் தலைக்கு வந்துவிடுகிறது. இந்த மாற்றத்தை எடைபோட வேண்டிய இடம் இதுதான்.

முதலில் லாபக் கணக்கு. செம்புக் கம்பிக்கு மழை ஆகாது. ஜாயிண்ட்டில் ஈரம் இறங்கினால் கரகரப்பு, பிறகு மௌனம், பிறகு லைன்மேனுக்காகக் காத்திருப்பு. ஃபைபருக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. இணையத்துக்குக் கட்டும் பணத்திலேயே உள்நாட்டு அழைப்புகள் அடங்கிவிடுவதால், பேசும் நேரத்தை எண்ணிப் பார்க்கும் பழக்கமும் போய்விட்டது. வீட்டு எண்ணுக்கு வரும் அழைப்பைச் செல்பேசிச் செயலியிலும் எடுக்கும் வசதியைச் சில நிறுவனங்கள் தருகின்றன.

ஒலித் தெளிவு என்ற விளம்பரத்தைப் பாதி நம்பலாம். பழைய தொலைபேசி மனிதக் குரலில் சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை மட்டுமே கடத்தியது. முகவரி சொல்லும்போது ‘எஃப்’ என்றால் ‘எஸ்’ என்று எழுதிக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். இணையத் தொலைபேசியால் 7,000 ஹெர்ட்ஸ் வரை கொண்டுபோக முடியும். ஆனால் இரு முனையிலும், இடையிலுள்ள வலையமைப்பிலும் அந்த வசதி இருக்க வேண்டும். இல்லையென்றால் பேச்சு பழைய அளவுக்கே சுருங்கிவிடும்.

நஷ்டக் கணக்கைப் பிரிட்டன் பட்டுத் தெரிந்துகொண்டது. அங்கே செம்புவழித் தொலைபேசியை 2025 இறுதிக்குள் மூடிவிடுவதாகத் திட்டம் இருந்தது. 2021 நவம்பரில் ஆர்வென் புயல் வந்தபோது ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் பல வீடுகளில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. மின்வெட்டில் புதிய இணைப்பு ஊமையாகிவிடும் என்ற அச்சம் வலுத்தது. 2022 மார்ச்சில் அங்குள்ள தொலைபேசி நிறுவனமான பிடி (BT) தன் மாற்றத் திட்டத்தை நிறுத்திவைத்தது. அடுத்த சிக்கல் முதியவர்களுடையது. தனியாக இருக்கும் முதியவர் விழுந்துவிட்டால் கழுத்தில் தொங்கும் பொத்தானை அழுத்தி உதவி கேட்கும் ஏற்பாட்டை அங்கே சுமார் 18 லட்சம் பேர் நம்பியிருக்கிறார்கள். புதிய இணைப்புக்கு மாறிய பின் அந்தக் கருவிகள் சில வேலை செய்யாமல் போனதால், 2023 டிசம்பரில் அரசு தலையிட்டுக் கட்டாய மாற்றத்தை நிறுத்தச் சொன்னது. மூடுவிழா 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. வேறு வழியில் அழைக்க முடியாதவர்களுக்கு, மின்வெட்டின்போது குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர அழைப்பு கிடைக்கும்படி செய்து தர வேண்டும் என்பது அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் நிபந்தனை.

ஒரு மணி நேரம் நமக்குப் போதாது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, டெல்டா கிராமங்கள் பலவற்றில் மின்சாரம் திரும்ப வாரங்கள் ஆயின. அப்படிப்பட்ட நாளில் வீட்டு இன்வெர்ட்டரும் கைவிடும். கம்பத்துக்குக் கம்பம் கட்டியிழுத்த ஃபைபர் கம்பத்தோடு சேர்ந்தே விழும். கோபுரத்து பேட்டரி தீர்ந்தால் செல்பேசியும் அடங்கும்.

அதற்காகச் செம்பைத் தெய்வமாக்கவும் வேண்டாம். நிலையத்து பேட்டரி பழசாகி, ஜெனரேட்டருக்கு டீசல் இல்லாமல் போனால் அந்த 48 வோல்ட்டும் கதைதான். பழைய தொலைபேசியின் நம்பகத்தன்மை பராமரிப்பில் இருந்தது. பராமரிக்கும் பணமும் ஆளும் குறைந்த பிறகு, செம்புக்கு நாம் தரும் மரியாதையில் பாதி பழைய நினைவுக்குத்தான் சேரும்.

அன்றாட மின்வெட்டுக்குத் தீர்வு எளிது. வீட்டில் ஃபைபர் வந்து முடியும் பெட்டிக்குப் பத்து வாட் அளவில்தான் மின்சாரம் வேண்டும். சிறிய யூபிஎஸ் சில மணி நேரம் தாங்கும். இன்வெர்ட்டர் வைத்திருக்கும் வீடுகளிலும் அந்தப் பெட்டியின் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று பார்ப்பவர் குறைவு. விளக்கும் மின்விசிறியும் ஓடும், தொலைபேசி செத்துக் கிடக்கும்.

பலர் கேட்காமல் விடும் கேள்வி மறுமுனையைப் பற்றியது. இன்று பரவலாக உள்ள ஃபைபர் முறையில் வீட்டுக்கும் நிலையத்துக்கும் இடையில் ஒளியைப் பிரிக்கும் பெட்டிக்கு மின்சாரமே தேவையில்லை. இது இந்தத் தொழில்நுட்பத்தின் பெரிய பலம். இரு முனையிலும் மின்சாரம் இருந்தால் போதும், ஊரே இருண்டாலும் பேசலாம். ஆனால் அந்த மறுமுனை பல ஊர்களில் நிறுவனத்தின் கட்டடத்தில் இல்லை. இணைப்பு கொடுக்கும் உள்ளூர் கேபிள் டிவிக்காரரின் அறையில் இருக்கிறது. அவரிடம் எத்தனை மணி நேர பேட்டரி இருக்கிறது என்பதுதான் உங்கள் தொலைபேசியின் ஆயுள். வேகத்தையும் ஓடிடி சலுகையையும் விசாரிப்பவர்கள் இதையும் விசாரிக்க வேண்டும்.

என் தீர்ப்பு இது: செல்பேசியும் இன்வெர்ட்டரும் உள்ள குடும்பம் தயங்காமல் மாறலாம். முதியவர் தனியாக இருக்கும் வீடு, லிஃப்ட்டுக்குள் அவசரத் தொலைபேசி உள்ள அடுக்ககம், எச்சரிக்கை மணி தொலைபேசி வழியே ஒலிக்கும் கடை ஆகியவை, கரண்டை நிறுத்திப் பார்த்துச் சோதித்த பிறகே பழைய இணைப்பை ஒப்படைக்க வேண்டும். நிறுவனங்களோ, மின்வெட்டில் இணைப்பு எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதைக் கட்டண விவரத்துக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். பொறுப்பை மாற்றிக் கொடுப்பவர், மாற்றிக் கொடுத்ததைச் சொல்லவும் கடமைப்பட்டவர்.