கூன் நிமிர்ந்தால்தான் முத்தமா?

டிஸ்னியின் 'நாத்ருதாம் கூனன்' (1996) மன அழகைக் கொண்டாடும் பிரதி என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இதே இயக்குநர்கள் ட்ரூஸ்டேலும் வைஸும் 1991-இல் எடுத்த 'அழகியும் மிருகமும்' படத்தில், காதலைச் சொன்னதுமே மிருகம் இளவரசனாகிவிடுகிறது. அவள் முத்தமிடுவது அந்த அழகனைத்தான். குவாசிமோதோவின் கூன் நிமிரவில்லை, காதல் முத்தமும் இல்லை. எஸ்மரால்டாவின் கையை நிமிர்ந்த முதுகுள்ள ஃபீபஸின் கையில் அவனே சேர்த்துவைக்க வேண்டும். அப்புறம்தான் ஊர் அவனைத் தோளில் தூக்குகிறது. ஹியூகோவின் நாவலில் (1831) மணியோசையால் அவன் செவிடன். படம் அந்தச் செவிட்டுத்தனத்தைக் கழற்றிவிட்டுப் பாடவைக்கிறது. கூன் மட்டும் மிச்சம், விளம்பரத்துக்கு.

'நல்லவனா இரு, ஆனா ஆசைப்படாதே' – முதுகு வளைந்த குழந்தைக்கு இந்தக் கதையாடல் சொல்லித்தருவது இதைத்தான். நிமிர்ந்த முதுகுள்ள குழந்தைக்கோ, கைதட்டினால் போதும் என்கிறது. இரக்கத்தின் குரலில் பேசும் அதிகாரம் இது.