வெறுங்கல்லறையில் கிடந்த சீலைகள்: யோவான் நற்செய்தித் தமிழாக்கங்களும் கரிசல் வழக்கும்

உயிர்த்தெழும் கணத்தை நேரில் கண்டவர் எவரையும் நற்செய்தி நூல்கள் காட்டவில்லை. யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் பேதுருவும் மற்றச் சீடரும் கல்லறைக்குள் காண்பவை துணிகள் மட்டுமே. கிரேக்க மூலம் அவற்றை இருவகையாகப் பிரிக்கிறது. உடலைச் சுற்றியவை ஒதோனியா. தலையில் இருந்தது சூதாரியோன். பின்னது வியர்வை துடைக்கும் துணியைச் சுட்டும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. அது தனியே சுருட்டப்பட்டுக் கிடந்ததைச் சொன்ன பின்னரே மற்றச் சீடர் கண்டு நம்பிய செய்தி வருகிறது. எனவே அத்துணிக்குத் தமிழில் இடும் பெயர் சிறு சிக்கல் அன்று.

ஹென்றி பவர் முதன்மைப் பங்கேற்ற 1871ஆம் ஆண்டுத் திருத்த மொழிபெயர்ப்பு இரண்டையும் ‘சீலை’ என்றே சுட்டுகிறது. சொற்பஞ்சம் இதற்குக் காரணம் ஆகாது. மாற்கு நற்செய்தியில் யோசேப்பு வாங்கிவரும் துணிக்குத் ‘துப்பட்டி’ என்னும் சொல் ஆளப்படுகிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 19:12இல் இதே சூதாரியோன் பன்மையில் வருமிடத்தில் ‘உறுமால்’ என்று தமிழாக்கப்பட்டுள்ளது. கையில் இருந்த சொல்லை மொழிபெயர்ப்பாளர் கல்லறைக்குள் கொண்டுசெல்லவில்லை. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் ‘துண்டு’ என்கிறது. தோளிலும் தலையிலும் கிடந்து வியர்வை துடைக்கும் துணிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. ஆயினும் லாசரின் முகத்தைச் சுற்றியிருந்த சூதாரியோன் (யோவான் 11:44) அம்மொழிபெயர்ப்பில் ‘துணி’ ஆகிவிடுகிறது. பழைய மொழிபெயர்ப்பு வேறுபாட்டை இழந்து தொடர்பைக் காத்தது. புதியது வேறுபாட்டைக் காத்துத் தொடர்பை இழந்தது. இரண்டாம் இழப்பே பெரிது. லாசர் கட்டுகளோடு வெளியே வருகிறான், பிறர் அவிழ்க்க வேண்டியிருக்கிறது. இங்கே அவிழ்ப்பார் இல்லை. இம்முரணைத் தாங்கி நிற்பது அந்த ஒரு சொல்லே.

கோவில்பட்டி வட்டாரம் பருத்தி விளையும் கரிசல் நிலம். கருங்கண்ணிப் பருத்திக்குப் பெயர் பெற்றது. 1901 முதல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இயங்கும் இடம். வீரமாமுனிவர் பணியாற்றிய காமநாயக்கன்பட்டியும் இவ்வட்டாரத்ததே. இங்கு இவ்விரு மொழிபெயர்ப்புகளும் வழங்குகின்றன. இப்பகுதிப் பேச்சில் ‘சீலை’ முதலில் பெண்கள் உடுத்தும் சேலையைக் குறிக்கும். குடைச்சீலை போன்ற தொகைகளிலேயே பழைய பொதுப்பொருள் எஞ்சியுள்ளது. ‘உருமா’ என்பதோ இறப்புச் சடங்கின் முடிவில் மகனுக்குக் கட்டும் தலைப்பாகை. யோவானில் ‘உறுமால்’ வந்திருப்பின் வாரிசுரிமைக் குறிப்பு உள்நுழைந்திருக்கும். தலைத்துணி என்னும் தெளிவும் கிடைத்திருக்கும்.

துணியின் பெயரைவிட ஆழமான தடை ஒன்று உண்டு. இறந்தவர்க்குக் கோடித்துணி போர்த்துவது உறவினர் கடன். வெண்ணிற அறுவை போர்த்தும் வழக்கத்தைப் புறநானூற்றின் 286ஆம் பாடலும் காட்டுகிறது. இம்மரபில் வளர்ந்த வாசகர்க்குக் கழற்றிக் கிடக்கும் துணி வெற்றியை அன்று, பிணத்துக்கு நேர்ந்த அவமதிப்பையே முதலில் உணர்த்தக்கூடும். ஆண்டவரை எடுத்துச் சென்றுவிட்டனர் என்னும் மகதலேனா மரியாவின் அச்சமும் அதுவே. கள்வர் உடலைத் துணியோடு தூக்கியிருப்பரேயன்றி, வெள்ளைப்போளத்தால் ஒட்டிய துணியை நின்று நிதானமாக உரித்துச் சுருட்டி வைத்திரார் என்பது 4ஆம் நூற்றாண்டினரான யோவான் கிறிசோஸ்தோமின் மறுமொழி.

உணவு மேசையில் தலைவன் மடித்து வைக்கும் கைத்துணி ‘திரும்பி வருவேன்’ எனப் பொருள்படும் யூத வழக்கம் என்றொரு விளக்கம் ஆங்கில வழிப் பிரசங்கங்களில் பரவியுள்ளது. பண்டைய யூத நூல்களில் இதற்குச் சான்று இல்லை. ஆங்கிலப் பெயர்ப்புகளில் அத்துணிக்கு மேசைத்துணியைக் குறிக்கும் சொல்லே வழங்கியதால் பிறந்த கற்பனை இது. தமிழ் மொழிபெயர்ப்புகள் இரண்டும் ‘மடித்து’ என்னாது ‘சுருட்டி’ என்றன. மூலத்தின் வினை சுற்றுதலையே குறிக்கும். தலையைச் சுற்றியிருந்த வடிவு கலையாமல் அத்துணி கிடந்ததாகக் கொள்ளவும் அச்சொல் இடந்தருகிறது.