நந்தனாக நின்ற பெண்

கொடுமுடியில் 1908இல் பிறந்து, வறுமையினால் இரயிலிற் பாடிய சிறுமியே பின்னர் நாடக மேடையை ஆண்டார். கே. பி. சுந்தராம்பாளின் குரலைத் தெய்வ வரமென்று போற்றுவோர், அதன் பின்னிருந்த பசியையும் உழைப்பையும் மறந்துவிடுகின்றனர்.

கொழும்பு மேடையில் அவரோடு இணைந்து நடித்த எஸ். ஜி. கிட்டப்பா 1933இல் மறைந்தார். இருபத்தைந்து வயதிலேயே சுந்தராம்பாள் வெள்ளாடை உடுத்தார். ஆடவரோடு இணைந்து நடிப்பதைத் துறந்தார். ஆயினும், 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் ஆண்வேடம் பூண்டு நந்தனாகவே நடித்தார். ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய். சென்னைச் சட்ட மேலவைக்கும் சென்றார்.

அவர் தடைகளைத் தகர்த்தவர் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் நந்தன், ஔவை, காரைக்கால் அம்மையார் என்று அவருக்குக் கிடைத்த வேடங்களை நோக்குங்கள். ஆணாகவோ மூதாட்டியாகவோ துறவியாகவோ தோன்றினால் மட்டுமே அக்கலைஞரைச் சமூகம் கொண்டாடியது. நந்தனையும் அது தீயில் மூழ்கிய பின்னரே தில்லைக் கோயிலுக்குள் விட்டது.

கொடகவெலத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொல்கையில், "அவர் ஏன் தீயில் இறங்கவேண்டும்?" என்றே கேட்கின்றனர். சுந்தராம்பாளின் வாழ்வைக் குறித்தும் நாம் எழுப்பவேண்டிய கேள்வி அதுவே.