கூத்துப் பள்ளிக்கு யார் மார்க் போடுவது?

காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002-இல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலம் 2020-இல் மூடப்பட்டது. மூடிய பள்ளியைத் தோற்ற பள்ளி என்று சொல்லிவிடுவது எளிது. பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புரூயினும் நடத்திய அந்த உறைவிடப் பள்ளியில் பிள்ளைகள் பாடப் படிப்போடு ஆட்டம், பாட்டு, மத்தளம், முகவீணை எல்லாம் கற்றார்கள். ஆண்களே பெண் வேஷமும் கட்டிவந்த கலையில் பெண் பிள்ளைகள் கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டி ஆடினார்கள்.

கூத்துக்கென்று பழைய அளவுகோல் ஒன்று உண்டு. திரௌபதை அம்மன் கோயிலில் பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம். விடியும்வரை ஜனம் கலையாமல் இருந்து, அடுத்த வருஷமும் அதே ஜமாவுக்கு, அதாவது அதே கூத்துக் குழுவுக்கு, ஊர் அச்சாரம் கொடுத்தால் அதுதான் வெற்றி. கைதட்டல் யாருக்கு வேண்டும்?

ஆனால் அந்த அளவுகோலும் இன்று ஆட்டம் காண்கிறது. மறைமலை நகரிலோ ஒரகடத்திலோ காலை ஷிஃப்டுக்குப் போக வேண்டியவர் நள்ளிரவோடு எழுந்துவிடுகிறார். அது கூத்தின் குற்றமில்லை. தவிர, தலைமுறை தலைமுறையாகப் பெண்களை மேடைக்கு வெளியே நிறுத்தியதும் அந்த ஊர்த் தீர்ப்புதான். அதை மட்டும் நம்பியிருந்தால் குருகுலம் ஒரு பெண்ணுக்கும் வேஷம் கட்டியிருக்க முடியாது. பெண்களுக்கு வேஷம் கட்டியதே அந்தப் பள்ளியின் பெரிய சாதனை என்பேன்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. நன்கொடையால் பள்ளியை நடத்தலாம். ஆனால் ஜமாவை ஊர் அழைக்கும்படி செய்ய முடியாது. நகர அரங்குக்காக ஒன்றிரண்டு மணி நேரமாகச் சுருக்கிய கூத்தில் கதை மிஞ்சும். உள்ளூர்க்காரரைப் பேர் சொல்லி வம்புக்கிழுக்கும் கட்டியங்காரன் மிஞ்சமாட்டான். நறுக்கென்று முடிவதால் நகரத்தாருக்கு அது பிடித்துப்போகிறது. அந்தப் பாராட்டை வெற்றிக் கணக்கில் எழுதுவது ஆபத்து.

படித்து முடித்து வேறு வேலைக்குப் போன பிள்ளைகளை நஷ்டக் கணக்கில் எழுதுவதும் தப்பு. நாளைக்கு ஊர்க் கூட்டத்தில் கூத்துக்கு வரி வசூலிக்க வாதாடப்போவது அவர்களாகவும் இருக்கலாம். மானியம் கொடுப்பவர்கள் எத்தனை பேருக்குப் பயிற்சி என்று கேட்பதை விட்டு, இந்தப் பருவத்தில் எத்தனை ராத்திரிக்கு அழைப்பு வந்தது, பெண் வேஷக்காரருக்கு என்ன கூலி என்று கேட்கட்டும். நாமும் இந்தக் கோடையில் பக்கத்துக் கிராமத்துப் பாரதக்கூத்துக்குப் போய், படுகளம் வரை உட்கார்ந்து பார்ப்போம்.